இரண்டும் இடது கை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை உடனே எழுதவும்.

நல்ல செய்தி ஒன்று. அப்பா வரைந்த 'ஆரஞ்சு உரிப்பவள்' திரும்பி வந்துவிட்டாள். அப்பாவிடம் அதை வாங்கிப்போன மர வியாபாரியின் மருமகள் வீட்டை இடித்துக் கட்டுகிறாராம். புதுச் சுவரில் அவ்வளவு பெரிய படத்துக்கு இடமில்லை என்று, அப்பா வீட்டில் நான் நடத்தும் நினைவுக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். இத்தனை காலமும் அவர்கள் சாப்பாட்டு அறையில் தொங்கியது. வெளியாள் ஒருவர்கூடப் பார்த்ததில்லை, ஒரு போட்டோகூடக் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஏறியிருக்கிறது. ஆனால் பத்தொன்பது வயது அக்கா அப்படியே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா போய் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு பாக்கியம். ஜூனில் பெரிய கண்காட்சி வைக்கிறேன். அப்பாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய விமர்சகர் திறந்துவைக்கிறார். 'கண்ணெதிரே இல்லாததை வரையாதே' என்று அப்பா சொல்வாரே, அதை வாசலில் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கு மாதிரியாக நின்ற அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தா. கொஞ்சம் பக்தியோடு இருந்தால் நல்லது. நீயும் இன்னும் ஏதோ வரைந்துகொண்டுதான் இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பாசமுள்ள தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. சுகத்தைக் கேட்டிருந்தாய், சொல்கிறேன். போன வாரம் கேன்வாஸ் தாங்கும் முக்காலியின் கொண்டி நழுவி, இடது கைச் சுண்டுவிரல் மாட்டி நசுங்கிவிட்டது. எலும்பு முறிவாம். மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். வலது கை நன்றாக இருப்பதால் 'ஏதோ வரைந்துகொண்டு'தான் இருக்கிறேன்.

பக்தியோடு ஒரு பக்கம் கேட்கிறாய். ஏழு வயதில் என்னைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீர் சுமப்பவள் நான், கதவைத் திறப்பவள் நான், தூங்குபவளும் நான். அதில் தூங்குபவள்தான் கொஞ்சம் வசதி. மற்றதில் எல்லாம் கால் மரத்து, இடுப்பு இற்றுப்போகும். மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட ஓட்டக் கூடாது. அசைந்தால், "சாயம் காயுது, ஆடாம நில்லுடி" என்பார். சாயம் காயும், மகள் காய்வது தெரியாது. இதைப் பக்தியோடு எழுத எனக்கு வராது. உன் விமர்சகரை எழுதச் சொல். நிற்காதவர்களுக்குத்தான் அது நன்றாக வரும்.

அவர் புத்தகத்தை நானும் படித்தேன். அப்பாவின் பெண்களுக்குக் கைகள் எங்கே என்று கவனித்திருக்கிறாயா? முதுகுக்குப் பின்னால், குடத்துக்குப் பின்னால், போர்வைக்குள், ஒன்றில் நாய்க்குட்டிக்கு அடியில். அப்பாவுக்குக் கை வரைய வராது, அவ்வளவுதான். ஐந்து விரலும் ஆளுக்கொரு பக்கம் போகும். விமர்சகர் அதை 'மறைத்தலின் அழகு' என்று ஒரு அத்தியாயம் இழுத்திருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

ஆரஞ்சுப் படத்தை மட்டும் பிசுக்குப் போகப் பதமாகத் துடைத்து வை. வேறு எதுவும் செய்யாதே.

அங்கே எல்லோருக்கும் என் விசாரிப்பு.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம். இங்கும் எல்லோரும் நலம்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். பரவாயில்லை, மறந்துவிட்டேன். இப்போது வேறொரு தலைவலி.

படத்தைத் துடைத்ததும் கைகள் நன்றாகத் தெரிகின்றன. இரண்டும் முன்னால் இருக்கின்றன, ஒன்றில் பழம், மற்றது தோலை உரிக்கிறது. சாயம் சுரண்டும் கத்தி பட்டு உனக்கு இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு உண்டே, அது படத்திலும் இருக்கிறது. ஆனால் அதே தழும்பு வலது கட்டைவிரலிலும் இருக்கிறது. அதே நீளம், அதே வளைவு. உனக்கு வலது கையில் தழும்பே கிடையாது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விமர்சகர் கண்ணில் பட்டால் என்ன சொல்வார்? கண்ணெதிரே இல்லாததை வரையாதே என்று வாசலில் வெட்டி வைத்துவிட்டு, உள்ளே இல்லாத தழும்பு. மானம் போகும். பழைய படங்களைச் சரிசெய்கிறவர் ஒருவரைச் சட்டம் போடும் கடையில் சொன்னார்கள். பார்த்தேன், தங்கமான மனிதர். வலது கைத் தழும்பை மட்டும் லேசாக மூடிவிடுகிறேன் என்றார். உனக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன், எப்படியும் உன் கைதானே.

வேளா வேளைக்குச் சாப்பிடு.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

விரல் உள்ளுக்குள் குத்துகிறது, மாவுக்கட்டு அரிக்கிறது. நீ சந்தோஷப்பட்டதாக எழுதியிருந்ததால் சொல்லி வைக்கிறேன்.

அந்தத் தங்கமான மனிதரைப் படத்தின் பக்கம் விடாதே. அந்தக் கைகளை வரைந்தது நான்.

உனக்குத் தெரியாத மாதிரி எழுதுகிறாய், அதனால் முழுக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. மர வியாபாரி பணம் கொடுக்கும்போதே, "இந்தத் தடவை கை தெரியணும், கை இல்லாத பொண்ணு படம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அப்பா எட்டுத் தடவையோ பத்துத் தடவையோ வரைந்து சுரண்டினார். கடைசியில் பிரஷ்ஷை என் பக்கம் தள்ளி, "உன் கைதானே, நீயே போட்டுத் தொலை" என்றுவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வலது கைப் பழக்கம். பிரஷ் பிடித்த கை மாதிரியாக நிற்க முடியாது. அதனால் இடது கையில் ஆரஞ்சைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து ஒரு கையை வரைந்தேன். அதே இடது கையைக் கண்ணாடியில் காட்டினால் வலது கையாகத் தெரியும், அதைப் பார்த்து மற்றக் கையை வரைந்தேன். படத்தில் இருக்கிற இரண்டும் என் இடது கை. அதனால்தான் இரண்டிலும் தழும்பு. அப்பா திரும்பி வந்து பார்த்தார். "ரெண்டு தழும்பு போட்டிருக்கியே" என்றார். "கண்ணெதிர ரெண்டுதான் இருந்துச்சு" என்றேன். மூலையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார்.

அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய அந்தக் கண்ணாடியை யார் பிடித்துக்கொண்டு நின்றது? உனக்கு எட்டு வயது. கை வலிக்கிறது என்று நீ சிணுங்க, உரித்த பழத்தில் பாதியை உன் வாயில் போட்டேன். வேறு சாட்சி எனக்கு இல்லை.

அவர் தொடக் கூடாது. உடனே பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை மும்முரத்தில் பதில் தாமதமாகிவிட்டது. நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சின்ன வயதில் நடந்தது எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. உனக்கும் காலப்போக்கில் சில விஷயங்கள் கலந்துபோயிருக்கலாம், அது யாருக்கும் நடப்பதுதான். பிள்ளைகள் எல்லோரும் அப்பாவுக்கு ஒத்தாசை செய்தோம். நீ பிரஷ் கழுவினாய், நான் கடைக்கு ஓடினேன். அதற்காக இது கடைக்கு ஓடியவனின் படம் என்று நான் உரிமை கேட்கவில்லையே.

கொஞ்சம் நிதானமாக யோசி. ஒரு படத்தில் கை அவருடையது இல்லை என்றால் மற்றப் படங்களைப் பற்றியும் பேச்சு வரும். அப்புறம் இந்தக் கூடம் எதற்கு, நான் வேலையை விட்டுவிட்டு இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்திருப்பது எதற்கு? அப்பா பெயர்தான் நமக்குச் சோறு போடுகிறது. உனக்குப் போடவில்லை என்றால் அது நீயாக விலகிப் போனதால்.

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது, ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு முன்வரிசையில் நாற்காலி.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்து நின்றுவிட்டது, இனி நிமிராதாம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

அழைப்பிதழைப் பார்த்தேன். அப்பா பெயர் ஒரு சாண் உயரம், உன் பெயர் அதற்கு அடியில் அரைச் சாண். ஞாபகமில்லை என்று எழுத உனக்கு இரண்டு மாதம் தேவைப்பட்டிருக்கிறது. உண்மையிலேயே மறந்தவன் மறுநாளே எழுதியிருப்பான்.

நான் விலகிப் போனேன் என்கிறாய். என் பெயரில் ஒரு கண்காட்சி வைத்தேன், நினைவிருக்கிறதா? நீ வரவில்லை, உன் விமர்சகர் வந்தார். என் படங்கள் நாலு சுவரிலும் இருந்தன. அவர் ஒரு சுவரையும் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். "அட, தூங்குபவள் நீங்கதானா? கொஞ்சம் கண்ணை மூடுங்களேன், பார்க்கலாம்" என்றார். மறுநாள் பத்திரிகையில், ஓவியரின் மகளும் பொழுதுபோக்காக வரைகிறார் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து என் படங்களை வரைந்தேன். அவை பரண் முழுக்க இருக்கின்றன. அந்த மனிதரைவிட என் பரணில் ஓடுகிற எலி அவற்றை அதிகம் பார்த்திருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். நான் வரைந்ததில் ஜனங்கள் நின்று பார்க்கப்போவது அந்த இரண்டு கைகள் மட்டும்தான். அடியில் யார் பெயர் வேண்டுமானாலும் இருந்து தொலையட்டும், கைகள் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த ஆள் தொட்டானா இல்லையா? அதை மட்டும் எழுது.

அக்கா


மே 6

அக்கா,

தொட்டுவிட்டார். மார்ச்சிலேயே. நீ திட்டுவாய் என்று எழுதவில்லை.

தழும்பை மூடினார். மூடிய இடம் திட்டாகத் தெரிந்தது. திட்டைச் சரிசெய்ய விரலைத் தொட்டார், விரலைச் சரிசெய்ய கையைத் தொட்டார், இரண்டு கையும் பொருந்தவில்லை என்று மற்றதையும் சுரண்டிவிட்டார். இப்போது ஆரஞ்சை இரண்டு வாழைப்பழச் சீப்பு பிடித்திருக்கிறது. இதைச் சொன்னது என் மனைவி. ஒரு விரல் கூடுதலாக இருக்கிறதோ என்றுகூடச் சந்தேகம், எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அந்த ஆள் போனை எடுப்பதில்லை.

வேறு யாரைக் கூப்பிட்டாலும் வெளியே தெரிந்துவிடும். அவர்களால் முடியவும் முடியாது. அந்தக் கையைப் போட உனக்கு மட்டும்தான் தெரியும். தயவுசெய்து வா. கூடத்தைப் பூட்டி உன்னிடம் சாவியைத் தருகிறேன். பின்வாசல் வழியாக வந்தால் நல்லது.

நலமா?

தம்பி


மே 12

தம்பிக்கு,

நலம். விரல் கோணல்.

'உனக்கு மட்டும்தான் தெரியும்' என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். பிரஷ் கழுவியவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை.

வருகிறேன், பின்வாசல் வழியாகவே. அந்த வீட்டில் எனக்கு முன்வாசல் பழக்கமில்லை. ஒரு பெரிய கண்ணாடி வேண்டும். தினம் ஒரு ஆரஞ்சு வேண்டும், தோல் தடிமனாக இருக்கட்டும். கண்ணாடி பிடிக்க ஓர் ஆள் வேண்டும், முன்பு பிடித்தவனாக இருந்தால் சொல்லிக்கொடுக்கும் வேலை மிச்சம்.

இரண்டு கட்டைவிரலிலும் தழும்பு இருக்கும். பிடிக்கவில்லை என்றால் தங்கமான மனிதரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள். வாசலில் வெட்டி வைத்த அப்பாவின் வாக்குப்படிதான் வரைவேன், ஒரு மயிரிழை பிசகாது. பெயர்ப் பலகையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

அக்கா


மே 30

தம்பிக்கு,

சாவியையும் இந்தக் கடிதத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். கைகள் முடிந்துவிட்டன. விரலால் தொட்டுப் பார்க்காதே, காயவில்லை.

கண்ணாடி பிடிக்க நீ வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஆரஞ்சை மட்டும் ஜன்னலில் வைத்துவிட்டு ஓடினாய். கண்ணாடியை நாற்காலியில் சாய்த்து வைத்துக்கொண்டேன், நாற்காலி சிணுங்கவில்லை.

பார்த்ததும் நீ தலையில் கை வைத்துக்கொள்வாய், அதனால் இப்போதே சொல்கிறேன். அவை பத்தொன்பது வயதுப் பெண்ணின் கைகள் இல்லை. நரம்பு புடைத்திருக்கும், தோல் சுருங்கியிருக்கும், நகத்தடியில் பள்ளிக்கூடத்து நீலச் சாயம் இருக்கும். பழைய கைகள் எப்படி இருந்தன என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகத்திலிருந்து வரைவதை அப்பா அனுமதிப்பதில்லையே. கண்ணெதிரே இருந்தது ஐம்பத்தெட்டு வயது இடது கை ஒன்றுதான், அதைத்தான் போட்டேன்.

நன்றாக வந்திருக்கிறது. அப்பா வரைந்த முகம் அதற்கு மேலே கொஞ்சம் பொம்மை மாதிரி தெரிகிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

மிச்சமிருந்த ஆரஞ்சுகளை நானே தின்றுவிட்டேன்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் பரணும் எலியும் நலமா? இங்கே எல்லோரும் மிக மிக நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பழிவாங்கிவிட்டாய் என்றே நினைத்தேன். கண்காட்சியை நிறுத்தவும் வழியில்லை. படத்தை இருட்டான மூலையில் மாட்டினேன். விமர்சகர் நேராக அங்கேதான் போனார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "உங்க அப்பா சாதாரண ஆள் இல்லைங்க. பத்தொன்பது வயசுப் பொண்ணுகிட்ட அவளோட கிழட்டுக் கையைப் பார்த்திருக்கார். நாப்பது வருஷம் முன்னாடியே பார்த்திருக்கார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பத்திரிகையில் முழுப் பக்கம் வந்திருக்கிறது, கைகளை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். 'தீர்க்கதரிசியின் கைகள்' என்று தலைப்பு. கைகளைப் பார்க்கவே வரிசையில் நிற்கிறார்கள்.

பார்த்தாயா, கடைசியில் எல்லாம் அப்பாவுக்கு நல்லதாகவே முடிந்தது. உன் கோபமும் வீண் போகவில்லை.

விமர்சகருக்கு ஓர் ஆசை. வருகிற ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உன்னை அதே மாதிரி, கையில் ஓர் ஆரஞ்சோடு உட்காரவைக்க வேண்டுமாம். போட்டோக்காரர்கள் வருகிறார்கள். நீ ஒன்றும் பேச வேண்டாம், ஆடாமல் உட்கார்ந்தால் போதும். உனக்குத்தான் பழக்கம் ஆயிற்றே. இந்தத் தடவை முன்வாசல் வழியாகவே வரலாம்.

உன் உடல்நலத்தை எழுதவும்.

உன் பாசமுள்ள தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

வருகிறேன். ஆடாமல் உட்காருகிறேன். ஆரஞ்சை நானே கொண்டுவருகிறேன்.

உன் தீர்க்கதரிசி என் தோல் சுருங்கும் என்று கண்டதில் ஆச்சரியமில்லை. உயிரோடு இருந்தால் எல்லோருக்கும் சுருங்கும். ஆனால் பத்திரிகையில் பெரிதாகப் போட்ட கைகளை நீயும் உன் விமர்சகரும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. கட்டைவிரலை விடு, அதில் நீ கெட்டிக்காரன். சுண்டுவிரலைப் பார். இரண்டு கையிலும் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் ஆரஞ்சைப் பிடிக்கும்போது போட்டோக்காரர்களுக்கும் அது தெரியும். ஒரு கையில் வளைந்திருக்கும், மற்றதில் நேராக இருக்கும். யாராவது ஒருவர், "எப்பம்மா ஆச்சு?" என்று கேட்பார். நான் பேச வேண்டாம் என்றாய், சரி. ஆனால் கேட்டால் பதில் சொல்வது மரியாதை. இந்த ஜனவரியில் என்பேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர் அதை எப்படி வரைந்தார் என்பதை அவர்களே யோசித்துக்கொள்ளட்டும், இல்லை உன்னைக் கேட்கட்டும். நீ கண்ணாடி பிடித்தவன், உனக்குத் தெரியும்.

நான் இதை ஒளித்து வைக்கவில்லை. கடிதத்துக்குக் கடிதம் சுகமா சுகமா என்று கேட்டாய். நசுங்கியது என்று எழுதினேன், கட்டு அரிக்கிறது என்று எழுதினேன், இனி நிமிராது என்று எழுதினேன். என் கையெழுத்தில் அத்தனையும் உன் மேஜையில்தான் இருக்கிறது. நீ கேட்டாயே தவிர ஒரு தடவையும் படிக்கவில்லை.

கடைசியாகவும் கேட்டிருக்கிறாய். விரலில் வலி இல்லை. நன்றாகப் பழம் உரிக்க முடிகிறது.

முன்வாசலைத் திறந்து வை.

அக்கா